கேரலின் வலது கால்

ஆஞ்சலா பந்தைப் பார்ப்பதில்லை. கோர்ட்டைச் சுற்றியிருக்கும் கம்பி வலையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, நெற்றி வலையில் படுகிற அளவுக்குச் சாய்ந்து நின்று, மகளின் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பந்து இந்தப் பக்கம் வருகிறது, அந்தப் பக்கம் போகிறது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மற்ற அம்மா அப்பாக்களின் தலைகள் அதோடு சேர்ந்து திரும்புகின்றன. இவருடைய தலை மட்டும் திரும்புவதில்லை. யாராவது வந்து "ஸ்கோர் என்னங்க?" என்று கேட்டால் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் மாதிரி விழிப்பார்.

"தெரியலிங்க. ரைட் லெக் பரவால்ல. லெஃப்ட்தான் கொஞ்சம் டயர்டா இருக்கு."

கேட்டவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆஞ்சலா சிரிப்புக்குச் சொன்னதல்ல அது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி அவர்களுடையது. அதற்கு நேர் கீழே என் வீடு. கண்டோன்மென்ட் பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போடும் வேலை ஆஞ்சலாவுக்கு. சாயங்காலம் மற்றவர்கள் இரண்டாவது காபிக்கு எழுந்திருக்கும்போது அவர் ஹெல்மெட்டோடு படி இறங்கிக்கொண்டிருப்பார். கணவர் டிரேவருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை; அவர் வீட்டிலிருக்கும் நேரத்தை அந்த வீட்டாரே சரியாகச் சொல்ல மாட்டார்கள். ஒரே மகள் கேரல். பதினைந்து வயது, வலது கை டென்னிஸ் ஆட்டக்காரி, பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கான போட்டிகளில் மாநிலத்தில் பேர் தெரிந்த பெண்.

ஸ்கூட்டரின் முன்பக்கம் ஆஞ்சலா வைத்துக்கொண்டு வரும் பையை ஒருநாள் தூக்கிப் பார்த்தேன், தூக்க முடியவில்லை. ஐஸ் டப்பா, வாழைப்பழம், அவித்த முட்டை, தயிர் சாதம், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், மாற்று சாக்ஸ், இன்னொரு ஜோடி ஷூ, முட்டிக்கு ஒரு பட்டை, கணுக்காலுக்கு ஒரு பட்டை. "ராக்கெட் மட்டும்தான் கேரலோடது. மிச்சமெல்லாம் இவளோட பயம்" என்றார் டிரேவர். ஆஞ்சலா பையைத் திறந்து இன்னொரு துண்டைத் திணித்தார்.

இந்தப் பயம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. முன்பு அவரும் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுகிற அம்மாதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு கேரல் திடீரென்று வளர்ந்தாள். ஜூனில் வாங்கிய யூனிஃபார்ம் பாவாடை தீபாவளிக்கு முட்டிக்கு மேலே போய்விட்டது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், உயரம் இருந்தால் சர்வீஸ் நன்றாக விழும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் போட்டி. பெலகாவி, தாவணகெரே, மைசூரு என்று பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வந்தார்கள். நடுவிலேயே ஒருநாள் கேரல், வலது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஓர் இடத்தைக் காட்டி வலிக்கிறது என்றாள். வளர்கிற வயசு, எல்லோருக்கும் வரும் என்று ஆஞ்சலா எண்ணெய் தேய்த்துவிட்டார். இரண்டாவது முறை சொன்னபோது துணிப்பட்டை சுற்றினார். மூன்றாவது முறை சொன்னது அடுத்த வருஷம் ஜூனில், மைசூரில், அரையிறுதிக்கு முந்தின சாயங்காலம்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? 'இவ்ளோ தூரம் வந்துட்டு வலி வலின்னா எப்டி? ஆடிப் பாரு, ஓடினா சரியாயிடும்'னேன். இவ அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசல. போய் ஆடினா. ஜெயிக்கவும் செஞ்சா. அதுதான் எனக்கு... ஜெயிச்சா" என்று பிறகொரு நாள் ஆஞ்சலா என்னிடம் சொன்னார்.

அடுத்த நாள் இறுதிப் போட்டியும் ஆடி முடித்து, ஊர் திரும்ப பஸ் ஏறும்போது கேரலால் படியில் கால் வைக்க முடியவில்லை. கண்டக்டரும் ஆஞ்சலாவும் தூக்கி ஏற்றினார்கள். எலும்பில் மெல்லிய விரிசல் என்று டாக்டர் சொன்னார். ஒரே நாளில் வந்ததல்ல. ஓய்வே கொடுக்காமல் அடித்து அடித்து வந்தது. இன்னும் ஒன்றிரண்டு போட்டி ஆடியிருந்தால் ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கும் என்றார்.

பெரிய பிளாஸ்டிக் பூட்ஸ் ஒன்றைக் காலில் மாட்டிக்கொண்டு கேரல் மாடியேறுகிற சத்தத்தை வாரக்கணக்கில் கேட்டேன். பூட்ஸ் கழன்ற பிறகு பாலகுமார் வந்தார்.

பாலகுமார் திருப்பத்தூர்க்காரர். முப்பதைத் தாண்டாத வயது. டென்னிஸ் சொல்லித்தருகிறவர் இல்லை. ஆடுகிற பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற பயிற்சியாளர். கேரல் ஆடும் கிளப்பில் நாலைந்து பேருக்கு அவர்தான். ஆரம்பத்தில் கேரலை அவர் ஓடவே விடவில்லை. நீச்சல் குளத்தில் நடக்கச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் காலால் எழுந்திருக்கச் சொன்னார். படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கச் சொன்னார். மிச்ச நேரமெல்லாம் தூங்கு, சாப்பிடு, சும்மா இரு.

இந்தச் சும்மா இருப்பதுதான் ஆஞ்சலாவுக்குத் தாங்கவில்லை. புதன்கிழமை முழு ஓய்வு என்று பாலகுமார் சொல்லிவிட்டதால், புதன்கிழமை ஆஞ்சலாவின் முகத்தைப் பார்க்க முடியாது. கேரல் தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் நீட்டி வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மா அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருப்பார்.

"சும்மாவே இருந்தா இருக்கற பவரும் போயிடாதா பாலகுமார்?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"பவர் வர்றதே சும்மா இருக்கறப்பதாங்க அக்கா. ஆடும்போது கால் தேயுது. தூங்கும்போதுதான் அது திரும்பக் கட்டிக்கிட்டு வருது. போன வருஷம் கட்டவே டைம் குடுக்கல நாம."

நாம என்று அவர் மரியாதைக்குச் சொன்னார். ஆஞ்சலாவின் காதில் அது நீங்க என்றுதான் விழுந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து மகளின் தூக்கத்துக்கு அவர் காவல் இருக்கத் தொடங்கினார். காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றிப் போட்டார். பால்காரரைக் கீழேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசைக்குப் போகிற குடும்பம், மகள் தூங்கட்டும் என்று கடைசிப் பூசைக்கு மாறியது.

பிறகு குதிக்கிற பயிற்சி வந்தது. சிறிய மரப்பெட்டி மேல் ஏறி நின்று, ஒற்றைக் காலில் தரைக்குக் குதிக்க வேண்டும். குதித்தால் சத்தம் வரக்கூடாது. முட்டியும் இடுப்பும் மடங்கி அடியை வாங்கிக்கொண்டால் சத்தம் வராது. வாங்கவில்லை என்றால் எலும்பு வாங்குகிறது என்று அர்த்தம். இதைக் கேரல் வீட்டிலும் செய்தாள். அவள் வீட்டுத் தரைதான் என் வீட்டுக் கூரை. தொம், தொம் என்று என் சாப்பாட்டு மேஜைக்கு மேலே விழுந்துகொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் ஆஞ்சலா இறங்கி வந்தார். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, பரவாயில்லை, சின்னப் பெண்தானே என்று நானே ஆரம்பித்தேன்.

"அதுக்கு இல்லக்கா. ரெண்டு காலும் ஒரே மாதிரி கேக்குதா உங்களுக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, போனில் மகளிடம் "இப்ப லெஃப்ட்" என்றார். மேலே தொம். "இப்ப ரைட்." மேலே தொம். கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதைச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஆனால் படியில் பாதி ஏறியவர் நின்று, "நெஜமாவா?" என்று கேட்டார்.

அவர் கேரலிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை "வலிக்குதா?" என்று கேட்கிறார் என்பதை யாரும் எண்ண முடியாது. குளித்துவிட்டு வந்தால் கேட்பார். படி ஏறினால் கேட்பார். பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போது, கழற்றுகிற விதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பார். கேரல் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள். "இல்ல." தலை நிமிராமல், குரல் ஏறாமல், இல்ல. ஒருமுறை நான் இருக்கும்போதே, "அம்மா, நீ கேக்கறதுதான் வலிக்குது" என்றாள்.

அவள் உள்ளே போனதும் ஆஞ்சலா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவ இல்லன்னு சொன்னா நம்பணும்தானே அக்கா? நம்ப முடியல. வலிச்சாலும் இல்லன்னு சொல்ல அவளுக்குக் கத்துக் குடுத்ததே நான்தானே."

அதன் பிறகு அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஜனவரியில் கேரல் முழு கோர்ட்டில் ஆட ஆரம்பித்தாள். கால் தேறிவிட்டது. தாண்டுவதில், குதிப்பதில், ஒற்றைக் காலில் துள்ளுவதில் இரண்டு காலும் சமம் என்று பாலகுமார் அளந்து பார்த்துவிட்டார். ஆனால் ஆட்டத்தில் ஏதோ இடித்தது. வலது மூலைக்குப் பந்து போனால் கேரல் சரியாகத்தான் ஓடினாள், சரியாகத்தான் அடித்தாள். அடித்த பிறகு நடுவுக்குத் திரும்புவதில்தான் தாமதம். அங்கே வலது காலை ஊன்றி, ஒரே உதையில் தன்னைத் திருப்பித் தள்ள வேண்டும். கேரல் தள்ளவில்லை. சின்னச் சின்ன அடியாக வைத்து வந்தாள், ஈரத் தரையில் நடக்கிறவள் மாதிரி. அதற்குள் அடுத்த பந்து இடது பக்கம் போய்விடும்.

நான் அந்த மாதம் கிளப் மைதானத்தைச் சுற்றி நடக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் பாலகுமார் வலைக்குப் பக்கத்தில் வந்து ஆஞ்சலாவிடம் பேசுவதைக் கேட்டேன்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கால் ரெடியாயிடுச்சு. ஆனா அந்த மூலைக்குப் போற ஒவ்வொரு வாட்டியும் அவ உங்களப் பாக்கறா. உங்க மூஞ்சில பயம் இருந்தா, அவ கால் நின்னுடுது."

"நான் ஒண்ணும் சொல்றதில்லையே."

"நீங்க சொல்லவே வேணாங்க்கா."

ஆஞ்சலா பையைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியே போனார். கேட்டுக்கு அந்தப் பக்கம் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில், கோர்ட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். நானும் போய் நின்றேன். உள்ளேயிருந்து பந்து அடிபடும் சத்தம், ஷூ தேயும் சத்தம், பாலகுமார் "மறுபடி, மறுபடி" என்று சொல்லும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஆஞ்சலாவின் தோள் லேசாக உயர்ந்து இறங்கியது. இளநீர்க்காரர் ஒன்றை வெட்டிக் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

பயிற்சி முடிந்து பாலகுமார் வெளியே வந்தார். "இன்னிக்குத் தள்ளினா."

"எந்தக் கால்ல?" என்றார் ஆஞ்சலா.

அன்றிலிருந்து பயிற்சி நேரத்தில் அவர் வெளியேதான். ஆனால் போட்டிக்கு வர வேண்டாம் என்று சொல்ல பாலகுமாருக்கும் மனம் வரவில்லை.

பிப்ரவரி கடைசியில், கால் தேறிய பிறகு கேரலின் முதல் போட்டி, ஒக்கலிபுரம் தாண்டி ரயில் பாதை ஓரமாக இருக்கும் ஒரு சின்ன கிளப்பில். ஞாயிற்றுக்கிழமை. டிரேவருக்கு ஷிஃப்ட். "நீங்க வாங்கக்கா, தனியா நிக்க பயமா இருக்கு" என்று ஆஞ்சலா கூப்பிட்டதால் நானும் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். எதிரே ஆடியது தார்வாட்டிலிருந்து வந்த பெண். நல்ல தோள், அவசரமில்லாத ஆட்டம். முதல் செட்டைக் கேரல் இழந்தாள். இரண்டாவதில் அவளுடைய உடம்பு சூடேறியது. மூலைக்கு ஓடி, அடித்து, வலது காலை ஊன்றி ஒரே தள்ளலில் நடுவுக்கு வந்து நின்றாள். பக்கத்தில் நின்ற பாலகுமார் மூச்சை விட்டார். தார்வாட் பெண்ணுக்கு அடுத்து எங்கே அடிப்பது என்று தெரியவில்லை. செட் கேரலுக்கு வந்தது. மூன்றாவதில் நாலுக்கு இரண்டு என்று முன்னால் போனாள். அதைக்கூட நான்தான் ஆஞ்சலாவிடம் சொன்னேன். "அப்டியா" என்றார். கண் கோர்ட்டின் தரையில்தான் இருந்தது.

அடுத்த பந்தும் வலது மூலைக்குத்தான் போனது. கேரல் ஓடினாள், அடித்தாள், தள்ளினாள், வந்தாள். பாயிண்டும் அவளுக்குத்தான். ஆனால் நடுவுக்கு வந்தவள் வலது காலைக் கொஞ்சம் தூக்கி, மறுபடி கீழே வைத்தாள். தூக்கினாள். வைத்தாள். ஆஞ்சலாவின் விரல்கள் கம்பியில் இறுகியதில் வலை முழுதும் அதிர்ந்தது.

கேரல் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. ராக்கெட்டால் ஷூவைத் தட்டினாள். பிறகு நேராக அம்பயரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் கொஞ்சம் ஓய்வெடுத்துப் பார்க்கிறாயா என்று கேட்டிருக்க வேண்டும். கேரல் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, கோர்ட்டின் நடு வலைக்குப் போய்க் கையை நீட்டினாள். தார்வாட் பெண் புரியாமல் அம்பயரைப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி வந்து கைகொடுத்தாள். பெஞ்சில் யாரோ "அய்யோ, ஃபோர் டூல இருந்தாளே" என்றார்கள்.

கேரல் நடந்து வந்தாள். பெரிதாக நொண்டவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம், அம்மாவின் முகத்துக்கு நேரே நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

"அம்மா, வலிக்குது. கீழ, பின்பக்கம். இன்னும் ஆட முடியும். ஆனா ஆடல."

ஆஞ்சலாவின் வாய் திறந்தது. என்னென்னவோ வந்து அங்கே நின்றது எனக்குத் தெரிந்தது. நாலுக்கு இரண்டு. எட்டு மாதம். இரண்டு கேம்தான் மிச்சம்.

"சரி" என்றார். "வா, போலாம்."

பாலகுமார் காலை அழுத்திப் பார்த்தார். எலும்பு மேல் வலி இல்லை, கெண்டைச் சதை மாதிரிதான் தெரிகிறது, ஆனாலும் டாக்டர் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன் என்றார். மறுவாரம் ஸ்கேன் எடுத்ததில் எலும்பில் ஒன்றுமில்லை. சதையில் சின்னப் பிடிப்பு. மார்ச் நடுவில் கேரல் மறுபடி கோர்ட்டில் இருந்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று மத்தியானம் எதுவும் தெரியாது.

ஆஞ்சலாவால் ஸ்கூட்டர் சாவியை ஓட்டைக்குள் நுழைக்க முடியவில்லை. மூன்று முறை முயன்றுவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்கூட்டரை அங்கேயே நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்தோம். கேரல் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, வலது காலை அம்மாவின் மடியில் நீட்டினாள். மறுபக்க ஓரத்தில் நான், ராக்கெட் பையோடு. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஏனாயித்து மேடம்? பித்பிட்ரா?" என்றார், விழுந்துவிட்டாளா என்று.

"இல்லப்பா, பீள்லில்ல" என்று இரண்டு மொழியிலும் சேர்த்துச் சொன்னார் ஆஞ்சலா. "நிதானா ஹோகி."

டிரைவர் நிதானமாகத்தான் ஓட்டினார். சேஷாத்ரிபுரம் வருவதற்குள் கேரல் தூங்கிப்போனாள். வாய் கொஞ்சம் திறந்து, தலை ஆட்டோவின் கம்பியில் இடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. "ஜெயிச்சிருப்பா" என்று ஆஞ்சலா ஒருமுறை சொன்னார். கொஞ்ச தூரம் போன பிறகு, "சொன்னா பாருங்க அக்கா. வலிக்குதுன்னு சொன்னா" என்றார். அழவில்லை. முன் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜெயமகால் ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினால் வரிசையாக வேகத்தடைகள். முதலாவது வருவதற்குச் சற்று முன் ஆஞ்சலா இரண்டு உள்ளங்கைகளையும் மகளின் காலுக்கு அடியில் கொடுத்து, மடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். ஆட்டோ ஏறி இறங்கியது. நாங்கள் எல்லோரும் குலுங்கினோம். கால் மட்டும் அசையாமல் அந்தரத்தில் நின்றது. மெதுவாக மடியில் இறக்கி வைத்தார். அடுத்த வேகத்தடை தூரத்தில் தெரிந்ததுமே மறுபடி கைகளைக் கீழே கொடுத்துக்கொண்டார்.